ஒரே தலைப்பைப் பல நெடுவரிசைகளைத் தழுவும்படி விரித்தால் கடைசி நெடுவரிசை மட்டும் ஏன் பருத்துவிடுகிறது?

சனிவகுப்பு (தெம்பனிஸ்)

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், தெம்பனிஸில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள நிலையத்தில், சனிக்கிழமைகளில் உயர்நிலை ஒன்று, இரண்டு மாணவர்களுக்குத் தமிழ்த் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். அவர்களுக்காக ஓர் இலக்கணக் கையேட்டை, கட்டளைகளை எழுதி ஆவணத்தை அச்சுக்கோக்கும் லாடெக் மென்பொருளின் ஒரு வகையான லுவாலாடெக்கில் உருவாக்கி வருகிறேன். எழுத்துருவும் எழுத்துகளின் சேர்க்கையும் சரியாக வந்துவிட்டன. திணை, பால் அட்டவணையில்தான் ஒரு வாரமாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன்.

அட்டவணையில் ஆறு நெடுவரிசைகள் உள்ளன. முதலாவது காலத்தின் பெயருக்கு. மற்ற ஐந்தும் ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் ஆகியவற்றுக்கு. இவற்றின் தலைக்கு மேலே இன்னொரு கிடைவரிசை வர வேண்டும்; அதில் முதல் மூன்று பால்களையும் தழுவி ‘உயர்திணை: மக்கள், தேவர், நரகர்’ என்றும், கடைசி இரண்டையும் தழுவி ‘அஃறிணை: பிற உயிருள்ளவையும் உயிரற்றவையும்’ என்றும் இருக்க வேண்டும். பல நெடுவரிசைகளின் கட்டங்களை ஒரே கட்டமாக்கும் மல்ட்டிகாலம் கட்டளையைக் கொண்டு இரண்டையும் விரித்தேன். உயர்திணைப் பக்கம் ஓரளவு அழகாக வந்தது. அஃறிணைப் பக்கத்திலோ ஒன்றன்பால் ஒல்லியாக நிற்க, பலவின்பால் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக விரிந்து, தாளின் வலது ஓரத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு நெடுவரிசைகளுக்கும் பொதுவான தலைப்பு ஏன் ஒன்றை மட்டும் பருக்கவைக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை.

இதே பாகுபாட்டைக் கையேட்டின் முதல் பக்கத்தில் பெட்டிகளும் கோடுகளுமாக ஒரு வரைபடமாகவும் போட விரும்புகிறேன். படம் வரைய உதவும் டிக்ஸ் தொகுப்பின் மேட்ரிக்ஸுக்குள் (கட்டவலைக்குள்) மல்ட்டிகாலத்தை எழுதினால் பிழைச்செய்திதான் வருகிறது. இரண்டுக்கும் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வரிவடிவம்

வணக்கம் அம்மா. முதல் கேள்விக்கு இப்போது பதில் எழுதுகிறேன். வரைபடம் தனிக் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் பார்த்தது உங்கள் தவறன்று; லாடெக்கின் அடியில் இயங்கும் டெக்கின் அடிப்படை நடத்தையே அப்படித்தான். டொனால்ட் நூத் வடிவமைத்த அந்த அடுக்குமுறையில் ஒவ்வொரு நெடுவரிசையின் அகலமும், விரிவில்லாத தனிக் கட்டங்களில் மிக அகலமானது எதுவோ அதைக் கொண்டு முதலில் முடிவாகிறது. அதன் பிறகுதான் பல நெடுவரிசைகளைத் தழுவும் கட்டங்களின் முறை. அப்படிப்பட்ட கட்டம், தான் தழுவும் நெடுவரிசைகளின் கூட்டு அகலத்துக்குள் அடங்கிவிட்டால் எதுவும் மாறாது. அடங்காவிட்டால், மிஞ்சும் அகலம் முழுவதும் தழுவப்பட்டவற்றுள் கடைசி நெடுவரிசையின் தலையில் விழுகிறது. எல்லா நெடுவரிசைகளுக்கும் சமமாகப் பங்கிடும் வழக்கம் டெக்கில் இல்லை.

உங்கள் அட்டவணையையே கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்றன்பால் 21 மி.மீ., பலவின்பால் 21 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நெடுவரிசையின் இருபுறமும் லாடெக் 6 பாயிண்ட் இடம் விடுவதால், இரண்டு நெடுவரிசைகளுக்கு நடுவே 12 பாயிண்ட், அதாவது ஏறக்குறைய 4.2 மி.மீ. கிடைக்கும். ஆக, தலைப்புக்கு இருக்கும் இடம் 46.2 மி.மீ. உங்கள் அஃறிணைத் தலைப்பு ஒரே வரியில் 82 மி.மீ. நீளம் என்றால், மிஞ்சும் 35.8 மி.மீ. முழுவதையும் பலவின்பால்தான் சுமக்க வேண்டும். அதன் அகலம் 56.8 மி.மீ. ஆகிவிடுகிறது. நீங்கள் தாளில் பார்த்த காட்சி இதுதான். உயர்திணைப் பக்கம் ஓரளவு தப்பித்ததற்குக் காரணம், அங்கே மூன்று நெடுவரிசைகளும் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்து தலைப்புக்குப் போதுமான இடம் தந்ததுதான்.

இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. நெடுவரிசைகளுக்கு அளவான அகலம் கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று நினைப்போம். தீராது. நெடுவரிசைக்கு 24 மி.மீ. என்று நீங்கள் எழுதினாலும், அதன் மேல் விரிந்த தலைப்பு மடங்காத ஒற்றை வரியாக இருந்தால் கடைசி நெடுவரிசை மறுபடியும் பருக்கும். தலைப்பே மடங்கக்கூடியதாக, அதற்கென்று அளவிட்ட அகலத்தில் இருக்க வேண்டும். மல்ட்டிகாலத்தின் முதல் உள்ளீடு எத்தனை நெடுவரிசைகள் என்பதைச் சொல்கிறது; இரண்டாவது அந்த ஒரு கட்டத்தின் அமைப்பைச் சொல்கிறது; மூன்றாவது உரை. இரண்டாவது உள்ளீட்டில் ‘நடுவில்’ என்பதற்கான ஓரெழுத்துக் குறியை எழுதுவதற்குப் பதிலாக, அகலம் குறித்த பத்தி வகையை எழுதுங்கள். அரே தொகுப்பை ஏற்றிவிட்டு, அதன் முன்னால் சென்டரிங் கட்டளையையும் அதை ஒட்டி அரேபேக்ஸ்லாஷ் கட்டளையையும் சேர்த்துவிட்டால் உரை மடங்கி நடுவில் நிற்கும்.

அகலத்தை இப்படிக் கணக்கிடலாம். ஏ4 தாளில் இருபுறமும் 20 மி.மீ. ஓரம் விட்டால் 170 மி.மீ. மிஞ்சும். ஆறு நெடுவரிசைகளின் இருபுற இடைவெளிகள் 72 பாயிண்ட், அதாவது 25.3 மி.மீ. காலத்தின் பெயருக்கு 20 மி.மீ., ஐந்து பால்களுக்கும் தலா 24 மி.மீ. கொடுத்தால் மொத்தம் 165.3 மி.மீ.; தாளுக்குள் அடங்கிவிடும். அஃறிணைத் தலைப்பின் அகலம் 24, 24, நடு இடைவெளி 4.2 ஆகியவற்றின் கூட்டலாக 52.2 மி.மீ. ஆகும். உயர்திணைத் தலைப்புக்கு மூன்று 24களும் இரண்டு இடைவெளிகளும் சேர்ந்து 80.4 மி.மீ. இந்த எண்களைக் கையால் எழுதாமல் அளவுகளைக் கணக்கிடும் டிம்எக்ஸ்பிர் கட்டளையைக் கொண்டு, நெடுவரிசையின் ஓர இடைவெளியைக் குறிக்கும் டேப்கால்செப்பின் மடங்காக எழுதிவைத்தால், நாளை இடைவெளியை மாற்றும்போது தலைப்புகளும் தாமாகவே சரியாகிவிடும்.

அச்சுக்கோப்பு (புக்கிட் பாத்தோக்)

இதைப் படித்தபோது எனக்குப் பழைய நினைவு வந்தது. நான் இளைஞனாக இருந்தபோது சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் தமிழ் ஈய எழுத்துகளைக் கோத்துக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், சங்கங்களின் கணக்கறிக்கை என்று அட்டவணை வேலை நிறைய வரும். ஈயம் இழுத்தால் நீளாது. ஆகவே ஓர் எழுத்தைக் கூடக் கையில் எடுப்பதற்கு முன்பு, ஒவ்வொரு நெடுவரிசையும் எத்தனை பைக்கா (அச்சகத்தாரின் நீள அளவு) என்று காகிதத்தில் எழுதி, கூட்டி, தாளின் அகலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். மூன்று நெடுவரிசைகளுக்கு ஒரு தலைப்பு என்றால், அந்த மூன்றின் அகலத்தையும் நடுவிலுள்ள கோடுகளின் தடிமனையும் கூட்டி, அந்த அளவுக்குக் கோப்புத் தட்டைத் திருகிவைத்துத் தலைப்பைத் தனியே கோப்போம். தலைப்பு அடங்காவிட்டால் சொல்லைக் குறைப்போம் அல்லது இரண்டு வரியாக்குவோம். நெடுவரிசையை அகலமாக்கும் பேச்சே அங்கு இல்லை.

கணினி வந்த பிறகு, உரையைப் போட்டுவிட்டு அகலத்தைப் பொறியிடம் ஒப்படைக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. ஆங்கிலத்தில் தலைப்புச் சொற்கள் குட்டையாக இருப்பதால் அது பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். தமிழில் ‘பலவின்பால்’ போன்ற ஒரே சொல்லே நெடுவரிசையை நிறைத்துவிடும். ஆகையால் தமிழ் அட்டவணைக்கு அகலத்தை முதலில் தீர்மானிப்பதே முறை. வரிவடிவம் தம்பி சொன்ன கணக்கை அப்படியே பின்பற்றுங்கள், அம்மா.

செங்குத்துக் கோடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் அட்டவணைக்கு அவை தேவையில்லை. விரிந்த தலைப்பின் கீழே, அது தழுவும் நெடுவரிசைகளின் அகலத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய கிடைக்கோடு போதும். அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதோ, அதுவே ‘இவை என் பிள்ளைகள்’ என்று தலைப்பு சொல்வதுபோல் இருக்கும்.

வரிவடிவம்

ஐயா சொன்ன மெல்லிய கோட்டுக்கு ஏற்ற கருவி, அட்டவணைக் கோடுகளுக்கான புக்டேப்ஸ் தொகுப்பில் உள்ள சிமிட்ரூல் கட்டளை. லாடெக்கிலேயே இருக்கும் சிலைன் கட்டளையும் குறிப்பிட்ட நெடுவரிசைகளுக்கு மட்டும் கோடு போடும். ஆனால் இரண்டு முதல் நான்கு வரை ஒன்று, ஐந்து முதல் ஆறு வரை ஒன்று என்று எழுதினால், இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டு ஒரே நீளக் கோடாகத் தெரியும். உயர்திணை எங்கே முடிந்தது என்பது கண்ணுக்குப் படாது. சிமிட்ரூலில் இடமும் வலமும் சற்றுக் குறைக்கச் சொல்லும் குறியைச் சேர்த்தால் நடுவில் சிறிய இடைவெளி விழும். அந்தச் சிறிய இடைவெளிதான் இரண்டு திணைகளையும் பிரித்துக் காட்டுகிறது.

செங்குத்துக் கோடு வேண்டும் என்று யாராவது பிடிவாதமாக இருந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள். மல்ட்டிகாலம் தான் தழுவும் நெடுவரிசைகளின் அமைப்பை முழுவதுமாக ஒதுக்கிவிட்டுத் தன் இரண்டாம் உள்ளீட்டை மட்டுமே மதிக்கும். அட்டவணையின் முதல் நெடுவரிசை மட்டும் இடக்கோட்டையும் வலக்கோட்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். மற்றவை வலக்கோட்டை மட்டுமே வைத்திருக்கும். எனவே நடுவில் தொடங்கும் விரிவுக்கு வலக்கோட்டை மட்டும் எழுத வேண்டும். இரண்டும் எழுதினால் கோடு இரட்டித்துவிடும்.

சனிவகுப்பு (தெம்பனிஸ்)

இருவருக்கும் மிக்க நன்றி. அகலம் சரியாகிவிட்டது. நேற்றிரவு அச்சிட்டுப் பார்த்தபோது ஐந்து பால்களும் ஒரே அளவில் வரிசையாக நின்றதைப் பார்க்க நிறைவாக இருந்தது.

ஆனால் அதன் பிறகு நானே ஒரு புதுச் சிக்கலை இழுத்துவிட்டுக்கொண்டேன். கையேட்டில் இதுபோல் பன்னிரண்டு அட்டவணைகள் இருப்பதால், விரிந்த தலைப்புக்கென்று ‘திணைத்தலைப்பு’ என்னும் பொருளில் ஒரு சுருக்கக் கட்டளையை எழுதினேன். பின்னணி நிறத்தை விருப்ப உள்ளீடாக, அதாவது கொடுக்காமலும் விடக்கூடியதாக, வைத்தேன். உடனே ‘மிஸ்பிளேஸ்டு ஆமிட்’ என்று பிழைச்செய்தி வருகிறது. விருப்ப உள்ளீட்டை நீக்கினால் பிழையும் போய்விடுகிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு?

வரிவடிவம்

தொடர்பு உண்டு. மல்ட்டிகாலத்தின் உள்ளே ஆமிட் என்ற டெக்கின் மூலக்கட்டளை இருக்கிறது. ‘இந்தக் கட்டத்துக்கு நெடுவரிசையின் வழக்கமான அமைப்பு வேண்டாம்’ என்று டெக்கிடம் சொல்வது அதுதான். டெக் ஒரு கட்டத்துக்குள் நுழையும்போது, தொடக்கத்தில் ஆமிட் இருக்கிறதா என்று சுருக்கக் கட்டளைகளை விரித்து, அதாவது அவற்றின் இடத்தில் அவற்றின் உள்ளடக்கத்தை வைத்து, பார்த்துக்கொண்டே வரும். விரிக்க முடியாத ஏதேனும் ஒன்று குறுக்கிட்டால், ‘சரி, இது சாதாரணக் கட்டம்’ என்று முடிவு செய்து நெடுவரிசையின் அமைப்பைத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகு வரும் ஆமிட் இடம் தவறிய ஆமிட்டாகிவிடுகிறது.

நியூகமாண்ட் கொண்டு நீங்கள் எழுதும் சுருக்கக் கட்டளை, விருப்ப உள்ளீடு இல்லாவிட்டால் வெறும் விரிவுதான். டெக் அதன் வழியாக உள்ளே பார்த்துவிடும். விருப்ப உள்ளீடு சேர்ந்தால், அடுத்து வருவது சதுர அடைப்புக்குறியா என்று எட்டிப் பார்க்கும் வேலை ஒன்று முன்னால் வந்து நிற்கிறது. அதை விரிக்க இயலாது. எனவே நிறத்தைக் கட்டாய உள்ளீடாக மாற்றுங்கள். நிறக் கட்டளையை மல்ட்டிகாலத்துக்கு முன்னால் வைக்காமல், அதன் மூன்றாம் உள்ளீட்டுக்குள் உரைக்கு முன்னால் வையுங்கள்.

ஆனால் நிறம் போடுவதை ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். புக்டேப்ஸ் தன் கோடுகளுக்கு மேலும் கீழும் இடம் விடுவதால், நிறத்துக்கும் கோட்டுக்கும் நடுவில் வெள்ளைக் கீற்று தெரியும். உங்கள் மாணவர்களுக்கு ஒளிநகல் எடுத்துத்தான் கொடுப்பீர்கள் என்றால், வெளிர் நிறம் சாம்பல் புள்ளிகளாக மாறி எழுத்தையும் கெடுக்கும்.

மொழியாசிரியை

தொழில்நுட்பத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. ஆயினும் எதை விரிக்க வேண்டும், எதை விரிக்கக் கூடாது என்பது இலக்கணத்தைச் சேர்ந்த கேள்வியாகவும் இருப்பதால் எழுதுகிறேன்.

சனிவகுப்பு அவர்களே, உங்கள் அட்டவணையின் உடற்பகுதியைக் கவனியுங்கள். இறந்தகாலத்தில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஐந்து கட்டங்களிலும் ஐந்து வேறு சொற்கள். நிகழ்காலத்தில் வருகிறான், வருகிறாள், வருகிறார், வருகிறது, வருகின்றன. எதிர்காலத்துக்கு வரும்போது வருவான், வருவாள், வருவார். அடுத்து ஒன்றன்பாலுக்கும் ‘வரும்’, பலவின்பாலுக்கும் ‘வரும்’. நீங்கள் அதை இரண்டு கட்டங்களில் இரண்டு முறை எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே இரண்டு நெடுவரிசைகளையும் தழுவும் ஒரே கட்டமாக ‘வரும்’ என்று நடுவில் போடுங்கள். ‘அது வரும், அவை வரும், இரண்டுக்கும் முற்று ஒன்றுதான்’ என்பதை மாணவர் விளக்கம் இல்லாமலே கண்டுகொள்வார். அந்த விரிவு அழகுக்காக வருவதன்று. விதியே அங்கு கட்டமாக நிற்கிறது.

இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனால் சுவையான இடத்துக்கு வந்து சேர்வோம். மரபிலக்கணத்தில் ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று, படர்க்கையில் பலர்பால் நீங்கலாக மற்ற நான்கு பால்களுக்கும் வரும். தன்மைக்கும் முன்னிலைக்கும் வராது. அதற்கென்று ஒரு கிடைவரிசை சேர்த்தால் ஆண்பால், பெண்பால் இரண்டையும் தழுவி ஒரு ‘வரும்’. பலர்பாலில் ஒரு சிறு கோடு. ஒன்றன்பால், பலவின்பால் இரண்டையும் தழுவி மீண்டும் ஒரு ‘வரும்’ என்று வரும். நடுவில் பலர்பால் வெறுமையாக நிற்பதுதான் விதியின் உயிர். நான்கையும் ஒரே கட்டமாக்க வேண்டும் என்ற ஆசையில் பலர்பாலை ஓரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். ஐந்து பால்களின் வரிசை மாணவர் மனத்தில் பதிந்த வரிசை.

எதிர்மறையிலோ ‘வராது’ ஒன்றன்பாலுக்கும் ‘வாரா’ பலவின்பாலுக்கும் உரியவை. அங்கே விரிக்கக் கூடாது. பேச்சில் இரண்டுக்கும் ‘வராது’ என்றே சொல்கிறோம் என்பதால் யாரேனும் அவற்றை இணைத்துவிடப்போகிறார்கள் என்று எனக்குக் கவலை.

அச்சுக்கோப்பு (புக்கிட் பாத்தோக்)

ஆசிரியை சொன்னது மிகச் சரி. உயிரெழுத்து வரிசையிலும் இந்தச் சிக்கலை நான் பார்த்திருக்கிறேன். ‘குறில்’ என்று ஒரு தலைப்பு, ‘நெடில்’ என்று ஒரு தலைப்பு போட்டுத் தரும்படி ஒருவர் கேட்டார். குறில் ஐந்தும் நெடில் ஏழும் அ, ஆ, இ, ஈ என்று மாறி மாறி வருகின்றன. அடுத்தடுத்து இல்லாதவற்றை ஒரு தலைப்பு எப்படித் தழுவும்? மெய்யெழுத்திலும் அப்படியே. க, ங, ச, ஞ தொடங்கி ப, ம வரை பத்தும் வல்லினமும் மெல்லினமுமாக மாறி வரும். ய முதல் ள வரை ஆறு இடையினங்கள் மட்டும் சேர்ந்து நிற்கும். அந்த ஆறுக்கு மேல் ஒரு தலைப்பைத் தாராளமாக விரிக்கலாம். பிறகு ற, ன தனித்தனி. அவரிடம் அப்போது எழுத்துகளின் வரிசையைக் கலைக்க வேண்டாம் என்று சொல்லி, ஒவ்வோர் எழுத்தின் மேலும் சிறிய எழுத்தில் ‘கு’, ‘நெ’ என்று போட்டுக்கொடுத்தேன்.

இரவுப்பணி

நான் அலுவலகத்தில் வேர்டுதான் பயன்படுத்துகிறேன். இரண்டு கட்டங்களைத் தேர்ந்து இணைத்தால் ஒரே நொடியில் முடிந்துவிடும் வேலைக்கு இவ்வளவு கணக்கு தேவையா என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

வரிவடிவம்

ஒரே ஓர் அட்டவணை என்றால் வேர்டே போதும். பன்னிரண்டு அட்டவணைகள் ஒரே அளவில் இருக்க வேண்டும், அடுத்த ஆண்டு எழுத்தின் அளவை மாற்றினாலும் அவை குலையக் கூடாது என்றால், அளவை ஓரிடத்தில் எழுதிவைக்கும் முறை உழைப்பைக் குறைக்கும். எந்த மென்பொருளாக இருந்தாலும், இணைத்த கட்டங்களுக்குக் கீழே நெடுவரிசையின் ஓரத்தைச் சுட்டியால் இழுத்து அகலத்தை மாற்றத் தொடங்கினால் எல்லைகள் கலைந்துவிடும். முதலில் அகலம், பிறகு இணைப்பு என்ற வரிசை அங்கும் பொருந்தும்.

மல்ட்டிகாலம் பழைய முறை என்பதால் புதியவற்றையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் வெளிவந்த டேபுலாரே தொகுப்பில் செட்செல் என்ற கட்டளையில் எத்தனை நெடுவரிசைகள் என்று குறித்தால் போதும். மிஞ்சும் அகலத்தைச் சமமாகப் பங்கிட வேண்டும் என்றோ, நெடுவரிசைகளைத் தொடாமல் தலைப்பை மடக்க வேண்டும் என்றோ அதில் ஒரே ஒரு விருப்பத்தால் சொல்லிவிடலாம். உங்கள் முதல் கேள்விக்கு நேரான விடை அதில் இருக்கிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்க வேண்டாம். மல்ட்டிகாலம் மூன்று நெடுவரிசைகளைத் தழுவினால் அந்த மூன்றுக்கும் நடுவிலுள்ள, கட்டங்களைப் பிரிக்கும் ஆம்பர்சாண்ட் (&) குறிகளை விட்டுவிட வேண்டும். விடாவிட்டால் ‘எக்ஸ்ட்ரா அலைன்மெண்ட் டேப்’ என்று பிழை வரும். டேபுலாரேயில் அந்தக் குறிகளை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பெரும்பாலான தவறுகள் இந்த இடத்தில்தான் நேர்கின்றன. லாடெக்குக்கு மாற்றான டைப்ஸ்ட் மென்பொருளைப் பழகியவர்களுக்கு 2024இல் வந்த 0.11 பதிப்பிலிருந்து அட்டவணைக் கட்டத்திலேயே நெடுவரிசை விரிவு கிடைக்கிறது.

லாடெக்கின் டேபுலர்எக்ஸ் தொகுப்பைப் பயன்படுத்துபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: தானாக அகலம் கணக்கிடும் அதன் நெடுவரிசைகளின் மேல் மல்ட்டிகாலத்தை விரிக்காமல் இருப்பதே நல்லது.

அம்புக்குறி

நான் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கிறேன். முதல் பதிவின் இரண்டாம் கேள்வி எனக்கும் உண்டு. டிக்ஸின் துணைத் தொகுப்பான டிக்ஸ்-சிடியில் அம்புக்குறி வரைபடங்களை வரைகிறேன். கீழ் வரிசையில் மூன்று சிறிய உறுப்புகள். மேல் வரிசையில் நடுவில் மட்டும் ஒரு நீளமான கோவை. அது நடு நெடுவரிசையை அகலமாக்கிவிடுவதால், கீழே உள்ள இரண்டு அம்புகளும் தேவையில்லாமல் நீண்டுவிடுகின்றன. மேத்கிளாப் கட்டளையால் கோவையின் அகலத்தைச் சுழியமாக்கினேன். நெடுவரிசை சுருங்கிவிட்டது. ஆனால் கோவையின் இடப்புறமோ வலப்புறமோ அம்பு தொடங்கினால், அது எழுத்துகளின் மேலேயே ஏறி நடுவிலிருந்து கிளம்புகிறது.

வரிவடிவம்

தம்பி, மேத்கிளாப் அகலத்தை மறைப்பது எல்லோரிடமிருந்தும்தான். அம்பும் அதை நம்பிவிடுகிறது. உங்களுக்கு வேண்டியது, நெடுவரிசைக்கு மட்டும் அகலம் தெரியக் கூடாது, அம்புக்குத் தெரிய வேண்டும் என்பது. அதற்கு அந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கும் சதுர அடைப்புக்குறிக்கும் நடுவில் ஓவர்லே என்ற விருப்பத்தை எழுதுங்கள். முனை, அதாவது கட்டத்தில் உள்ள கோவை, தன் உண்மையான அகலத்தோடு இருக்கும். அம்புகள் அதன் விளிம்பிலிருந்து கிளம்பும். மேட்ரிக்ஸ் அதை அளவுக்கு எடுத்துக்கொள்ளாது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உள்ளன. அக்கம்பக்கக் கட்டங்கள் வெறுமையாக இருக்க வேண்டும். வரைபடத்தின் ஓர நெடுவரிசையில் இதைச் செய்தால் கோவை படத்தின் எல்லைக்கு வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து உரையின் மேல் விழக்கூடும்.

இப்போது சனிவகுப்பு அம்மாவின் பெட்டி வரைபடம். டிக்ஸ் மேட்ரிக்ஸின் கட்டங்கள், லாடெக்கின் வழக்கமான அட்டவணையான டேபுலரின் கட்டங்களைப் போன்றவை அல்ல. ஒவ்வொன்றும் தனிப் படமாக வரையப்பட்டு வரிசையில் வைக்கப்படுகிறது; ஆகையால் அங்கே மல்ட்டிகாலத்துக்கு இடமில்லை. இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்.

மேல் பெட்டி, கீழ்ப் பெட்டிகளின் முழு அகலத்துக்கும் நீள வேண்டும் என்றால், மேல் வரிசையை மேட்ரிக்ஸில் வெறுமையாக விட்டு, வெறுமையான கட்டங்களிலும் முனைகள் உருவாகும்படி ‘நோட்ஸ் இன் எம்ப்டி செல்ஸ்’ என்ற விருப்பத்தைக் கொடுங்கள். எல்லா முனைகளுக்கும் ஒரே குறைந்தபட்ச அகலத்தையும் உயரத்தையும் கொடுங்கள். மேட்ரிக்ஸ் முடிந்த பிறகு, கொடுத்த முனைகளைச் சூழ்ந்து பெட்டி வரையும் ஃபிட் நூலகத்தைக் கொண்டு, முதல் வரிசையின் முதல் கட்டத்திலிருந்து மூன்றாம் கட்டம் வரை பொருந்தும் ஒரு பெட்டியும், நான்கிலிருந்து ஐந்து வரை பொருந்தும் ஒரு பெட்டியும் வரையுங்கள். பெட்டிக்குள் உரையை நேரடியாக எழுதினால் அது செங்குத்தாக நடுவில் நிற்காமல் கீழிறங்கும். உரையைப் பெட்டியின் மையத்தில் வைக்கும் லேபிளாக எழுதுங்கள்.

மேல் பெட்டி சிறியதாகவே இருந்து, நடுவில் நின்றால் போதும் என்றால், கட்டவலையைச் சின்னதாக நறுக்குங்கள். உயர்திணைக்குச் சிக்கலில்லை, அது பெண்பாலின் நேர் மேலே நிற்கும். அஃறிணை ஒன்றன்பாலுக்கும் பலவின்பாலுக்கும் நடுவில், நெடுவரிசையே இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். ஐந்து நெடுவரிசைகளுக்குப் பதிலாக ஒன்பது நெடுவரிசைகளை வைத்து, பால்களை ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பதில் வையுங்கள். உயர்திணை மூன்றாவதன் மேலும், அஃறிணை எட்டாவதன் மேலும் தாமாகவே வந்து அமரும். நெடுவரிசைகளுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்குங்கள். பள்ளி அட்டவணைக்கு நான் எப்போதும் இந்த முறையைத்தான் தேர்வேன். மிகச் சிறிய அலகு எதுவோ அதைக் கட்டமாக வைத்துக்கொண்டால், மற்ற எல்லாம் அதன் மடங்காகிவிடும்.

அட்டவணையும் வரைபடமும் கலந்த தேவை என்றால் நைஸ்மேட்ரிக்ஸ் தொகுப்பின் பிளாக் கட்டளையைப் பாருங்கள். பல நெடுவரிசைகளைத் தழுவும் பிளாக்கின் உரையை அது நெடுவரிசை அகலத்துக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்பதால் எதுவும் பருக்காது; அட்டவணையின் மேலேயே டிக்ஸ் கோடுகளையும் வரையலாம். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தொகுக்க வேண்டும். முதல் முறையில் கட்டங்கள் இடம் மாறித் தெரிந்தால் பதற வேண்டாம்.

அம்புக்குறி

ஓவர்லே வேலை செய்தது. கீழ் அம்புகள் இரண்டும் இப்போது ஒரே நீளத்தில் இருக்கின்றன. மிக்க நன்றி, அண்ணா.

சனிவகுப்பு (தெம்பனிஸ்)

ஒன்பது நெடுவரிசை முறையைத்தான் எடுத்துக்கொண்டேன். அஃறிணைப் பெட்டியிலிருந்து இரண்டு கோடுகளும் ஒரே சாய்வில் இறங்குகின்றன. ஆசிரியை சொன்னபடி எதிர்காலத்தில் ‘வரும்’ என்பதை இரண்டு நெடுவரிசைகளுக்கும் பொதுவாக விரித்தேன். ‘செய்யும்’ முற்றுக்குத் தனிக் கிடைவரிசையும் சேர்த்தேன். இந்தச் சனிக்கிழமை தாளைக் கையில் வாங்கிய ஒரு மாணவி, ஒளிநகலில் பலர்பாலின் கீழே இருந்த சிறு கோட்டை விரலால் தொட்டு, “டீச்சர், இங்க மட்டும் ஏன் ஒண்ணும் இல்ல?” என்று கேட்டாள். அன்றைய பாடத்தை அங்கிருந்தே தொடங்கினேன்.

ஒரே ஒரு குறை மிஞ்சியிருக்கிறது. அஃறிணைத் தலைப்பு இரண்டு வரியாக மடங்குகிறது. உயர்திணைத் தலைப்பு ஒரே வரி. அந்த ஒரு வரி மேலே ஒட்டிக்கொண்டு நிற்க, அதற்கும் கீழே உள்ள கோட்டுக்கும் நடுவில் ஒரு வரி அளவுக்கு வெற்றிடம் தெரிகிறது. மேலும் ‘கி’, ‘றி’ ஆகியவற்றின் கொக்கி மேல் கோட்டைத் தொடுவதுபோல் இருக்கிறது.

வரிவடிவம்

பத்தி வகை நெடுவரிசை தன் முதல் வரியைப் பக்கத்துக் கட்டத்தின் வரியோடு ஒட்டவைக்கும். அரே தொகுப்பு ஏற்கெனவே இருப்பதால், இரண்டு தலைப்புகளின் இரண்டாம் உள்ளீட்டிலும் அடிவரியை ஒட்டவைக்கும் வகைக்கு மாற்றுங்கள். உயர்திணை இறங்கிவந்து, ‘உயிரற்றவையும்’ இருக்கும் வரியோடு சேர்ந்து நிற்கும். கொக்கிகளுக்கு, கிடைவரிசைகளின் உயரத்தைப் பெருக்கும் அரேஸ்ட்ரெட்ச் அளவை 1.3 என்று வைத்துப் பாருங்கள். தமிழுக்கு 1 என்ற இயல்பான அளவு எப்போதும் நெருக்கமாகத்தான் இருக்கும்.

சனிவகுப்பு (தெம்பனிஸ்)

1.3 சற்றுத் தளர்வாகப்பட்டது, 1.25 என்று வைத்தேன். தலைப்புகள் இரண்டும் ஒரே அடிவரியில் நிற்கின்றன. பன்னிரண்டு அட்டவணைகளையும் இதே அளவில் மாற்றத் தொடங்கிவிட்டேன். வேற்றுமை உருபு அட்டவணை வரை முடிந்திருக்கிறது.